முக்திநாதருக்கு முடிந்து வைத்த காசு

‘‘ஒண்ணு கேக்கணும்மா... தப்பா நினைச்சுக்கப்படாது. வேண்டிண்டுட்டுப் போகாம இருந்தா, சாமி குத்தம் ஆயிடுமா?’’

2025 செப்டம்பர் மாதத்தில், ஒரு மத்தியான நேரத்தில், நம் அலுவலகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்பு இது. நங்கநல்லூரிலிருந்து பேசினார் அந்த வாசகி. பெயர் வேண்டாமே, மாமி என்றே வைத்துக் கொள்வோம். வயது அறுபத்தாறு.

எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டேன்.

‘‘முக்திநாத்’’ என்றார். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பேரன், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நாட்களில் மாமி செய்துகொண்ட பிரார்த்தனை அது. ‘குழந்தை பிழைச்சு வீட்டுக்கு வரட்டும், உன் சந்நிதிக்கு வந்து 108 தாரையிலும் நனையறேன்’ என்று. குழந்தை பிழைத்தான். இப்போது நான்காம் வகுப்பு, ஒரு நிமிடம் உட்கார மாட்டானாம்! மாமிக்குத்தான் கிளம்ப நேரம் வாய்க்கவில்லை. ஒரு வருடம் மகளின் பிரசவம். இன்னொரு வருடம் மாமாவுக்கு நெஞ்சுவலி. பிறகு கொரோனா. ஒருவழியாக, அக்டோபரில் கிளம்பும் யாத்திரைக் குழுவில் பெயர் கொடுத்து, முன்பணம் கட்டி, கம்பளிக் குல்லாய்கூட வாங்கியாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் நேபாளம் பற்றி எரிந்தது.

நேபாளத்தை வெளிநாடு என்றே நமக்குத் தோன்றுவதில்லை. விசா வேண்டாம். வாக்காளர் அடையாள அட்டை இருந்தால் போதும். பசுபதிநாதரும் ஜனகபுரியும் நம் பேச்சில் காசி, கயாவோடு சேர்ந்தே வரும். இருந்தாலும் அது வேறு நாடு. அங்கே ஓர் அரசு கவிழ்ந்தால், நம் ஊர் போலீஸ் அங்கே வர முடியாது. அந்த உண்மை, அந்த வாரத்தில்தான் பலருக்கும் உறைத்தது.

26 சமூக வலைதளங்களுக்கு அரசு விதித்த தடை, அதற்கு முன்பே இளைஞர்களுக்குள் குமுறிக்கொண்டிருந்த ஊழல் குறித்த கோபம்... எல்லாம் சேர்ந்து 8-ம் தேதி வெடித்தது. அன்று ஒரே நாளில் 19 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் பிரதமர் கே.பி.சர்மா ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டது. நிலைமை சீராகும்வரை அங்கே செல்ல வேண்டாம் என்று நம் வெளியுறவு அமைச்சகம் அறிவுறுத்தியது. பிறகு முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி, 12-ம் தேதி இடைக்கால அரசின் பிரதமராகப் பொறுப்பேற்றார். இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கை எழுபதைத் தாண்டிவிட்டது.

அவர்களில் ஒருவர், பசுபதிநாதர் தரிசனத்துக்காகக் கணவருடன் சென்றிருந்த இந்தியப் பெண்மணி. தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப்பட, தப்பிக்க முயன்றபோது அவர் உயிர் பிரிந்தது. எழுதும்போதே கை நின்றுவிடுகிறது.

மாமியின் வீட்டில் அந்தச் செய்திதான் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியிருந்தது. பெங்களூரில் இருக்கும் மகன், ‘‘நீ போனா நான் பத்து நாளும் தூங்க மாட்டேம்மா’’ என்கிறான். மாமா, ‘‘பெருமாள் மனசுல இருந்தா போதும், மானசீகமா சேவிச்சுக்கோ’’ என்கிறார். குழுவில் வரும் சிநேகிதி, ‘‘அவன் பாத்துப்பான். பயந்து நின்னுட்டா நம்பிக்கை இல்லேன்னு அர்த்தம்’’ என்கிறாள். இந்த மூன்று பேச்சுக்கும் நடுவில் தவித்துப்போய்த்தான், முன்பின் தெரியாத எனக்கு போன் செய்திருக்கிறார்.

அன்று மாமியிடம் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ‘யோசிச்சுச் சொல்றேன் மாமி’ என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிநேகிதி சொன்னது. ‘அவன் பார்த்துப்பான்’ என்பதைவிட உயர்ந்த வார்த்தை நமக்கு இல்லை. ஆனால், அதை எப்போது சொல்கிறோம் என்று பாருங்கள். மருந்து கொடுத்து, டாக்டரிடம் காட்டி, நம்மால் ஆனது அத்தனையும் செய்துவிட்டு, அதற்கு மேல் கை ஓயும்போது சொன்னால் அது சரணாகதி. எரிகிற ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டுச் சொன்னால்..? ‘நான் குதிக்கிறேன், நீ பிடி பார்க்கலாம்’ என்று பகவானுக்கே பரீட்சை வைப்பதல்லவா அது!

அதோடு, அந்தப் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். தரிசனத்துக்குப் போனவர்தானே? அவருடைய பக்தியில் என்ன குறை கண்டோம்? ‘நம்பினால் ஆபத்து வராது’ என்று நாம் சுலபமாகச் சொல்லும்போது, ஆபத்து வந்தவர்கள் நம்பாதவர்கள் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். இறந்தவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை.

பயப்படுவது பாவமா? ஸ்ரீரங்கத்தில் நடந்ததை நினைத்துக் கொள்ளுங்கள்.

1323-ம் வருடம். டெல்லி சுல்தானின் படை வருகிறது. பெரியவர்கள் என்ன செய்தார்கள்? ‘ரங்கநாதன் தன்னைத் தானே காத்துக்கொள்வான்’ என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரவில்லை. மூலவர் சந்நிதியைக் கல்சுவர் எழுப்பி மறைத்தார்கள். உற்சவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு, இரவோடு இரவாக ஊரைவிட்டே கிளம்பினார்கள். முன்னால் நின்றவர், தள்ளாத வயதிலிருந்த பிள்ளை லோகாசாரியார். மதுரைப் பக்கம் ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாடு அலங்கரித்தார். பெருமாள் ஊர் ஊராக, காடும் மலையுமாகச் சுற்றினார். அந்த ஆசாரியருக்கு நம்பிக்கை குறைவு என்று சொல்ல யாருக்காவது நா எழுமா?

அதே காலத்தில் ஸ்ரீரங்கத்தைவிட்டுப் போக நேர்ந்த வேதாந்த தேசிகன், கன்னட தேசத்தில் சத்தியாகாலத்தில் தங்கியிருந்தபோது அருளிய ஸ்தோத்திரத்துக்குப் பெயரே ‘அபீதிஸ்தவம்’. பயமின்மையை வேண்டுகிற துதி! அத்தனை பெரிய மகானே, பயம் இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைப் போக்கும்படி அரங்கனிடமே கேட்டிருக்கிறார். மாமிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தால், அது குற்றமாகிவிடுமா என்ன?

ஆனால், ஸ்ரீரங்கத்துக் கதையை இதோடு நிறுத்திவிட்டால், மகனும் மாமாவும் ‘பார்த்தாயா, நாங்கள் சொன்னதுதானே!’ என்று எழுந்துவிடுவார்கள். அவர்களும் கொஞ்சம் உட்காரட்டும்.

பெருமாள் திரும்பி வந்தது 1371-ல். நாற்பத்தெட்டு வருடங்கள்! அதற்குள் ஒரு தலைமுறையே அழகிய மணவாளனைச் சேவிக்காமல் பிறந்து, வளர்ந்து, கண்ணை மூடியிருக்கும். திரும்பி வந்தவர் பழைய பெருமாள்தானா என்று அடையாளம் சொல்லக்கூட ஊரில் ஆள் இல்லை. பார்வை போன ஒரு வயதான வண்ணார்தான், பெருமாளின் ஈரவாடைத் தீர்த்தத்தைப் பருகிப் பார்த்து, ‘இவரே நம்பெருமாள்’ என்று சொன்னதாகக் கோயில் வரலாறு. கேட்கும்போது மெய் சிலிர்க்கிறது. ஆனால், அந்த வண்ணாரைப் போலக் காத்திருந்து பார்க்கக் கொடுத்து வைக்காதவர்கள் எத்தனை பேர்?

ஒத்திவைப்பது இலவசம் இல்லை. அதற்கும் விலை உண்டு. கயிலாய மானசரோவர் யாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் கொரோனாவால் நின்றது. பிறகு சீன எல்லைப் பதற்றமும் சேர்ந்துகொள்ள, 2025 ஜூனில்தான் மறுபடி ஆரம்பித்தது. நம் அரசு நடத்தும் அந்த யாத்திரைக்கு வயது வரம்பு எழுபது. 2020-ல் அறுபத்தாறு வயதில் பையைத் தயார் செய்து வைத்திருந்த ஒருவருக்கு, 2025-ல் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. அவர் ஒரு தவறும் செய்யவில்லை.

வீட்டில் இருக்கும் பெண்களுக்கோ எல்லைப் பதற்றமே தேவையில்லை. என் பாட்டி காசிக்குப் போக ஆசைப்பட்டார். ‘அடுத்த வருஷம்’ என்றார்கள். ‘ரயிலில் கூட்டம்’ என்றார்கள். ‘வடக்கே குளிர்’ என்றார்கள். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். கடைசியில், யாரோ கொண்டுவந்து கொடுத்த கங்கைச் செம்பை வைத்தே பாட்டியின் கணக்கை முடித்துவிட்டோம்.

அதனால்தான், ‘மானசீகமா சேவிச்சுக்கோ’ என்று மாமா சொன்னதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார், சத்தியம். ஆனால் அது, அலைந்து தேடியும் கையில் பொருள் சேராததால் கட்டிய கோயில். ‘கட்ட வேண்டாம்’ என்று வீட்டில் சொன்னதால் கட்டியது இல்லை! சாளக்கிராமத்தைப் பாடிய திருமங்கையாழ்வார், அந்தத் தலத்துக்குப் போய்ச் சேரும்படி தன் நெஞ்சைத்தான் அழைத்துப் பாடுகிறார். ஆனாலும், குதிரையேறித் தலம் தலமாகப் போனவர் அவர். நெஞ்சை அனுப்பிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர் இல்லை.

ஆகவே மகனிடமும் மாமாவிடமும் ஒரு கேள்வி. அங்கே கலவரம் அடங்கிவிட்டால், ‘போயிட்டு வா’ என்பீர்களா? ‘ஆமாம்’ என்றால் உங்கள் பயம் நிஜமான பயம், அதை மாமி மதிக்கத்தான் வேண்டும். ‘அப்பவும்... மூட்டுவலி இருக்கே, அப்பாவுக்கு யார் சமைப்பா’ என்று பேச்சு இழுத்தால், அது நேபாளத்தைப் பற்றிய பயமே இல்லை!

மாமியிடமும் ஒரு கேள்வி உண்டு. ஆபத்து தனக்கு மட்டும்தானா? குழுவில் எழுபது வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். வழியில் மாட்டிக்கொண்டால், ஒருவரால் எல்லோரும் நிற்க வேண்டும். அவர்களை மீட்க, கலவரத்துக்குள் வண்டி ஓட்டிப் போகிறவரும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான். ‘என் உயிர், என் வேண்டுதல்’ என்று தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் மனதில் ஓடியது. முக்திநாத் இருப்பது காத்மாண்டுவில் இல்லை. முஸ்தாங் மாவட்டத்தில், சுமார் 12,000 அடி உயரத்தில். போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம். மதியம் பலத்த காற்று கிளம்பிவிடும் என்பதால் காலையில் மட்டும்தான் பறக்கும். அல்லது மலைப்பாதையில் ஜீப். கோயிலில், பெருமாளுக்குப் பின்னால் அரைவட்டமாக 108 தாரைகள் கொட்டுகின்றன. நாம் முக்திநாராயணராகச் சேவிக்கும் அதே தலத்தை, பௌத்தர்களும் புனிதமாக வணங்குகிறார்கள். அருகிலேயே ஜ்வாலாமாயி சந்நிதியில், மண்ணிலிருந்து வரும் இயற்கை வாயுவில் சுடர் எரிகிறது. ‘அது தலைநகரிலிருந்து எவ்வளவோ தூரம். அங்கே என்ன ஆபத்து?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோரக்பூர், சுனௌலி வழியாக, காத்மாண்டுவைத் தொடாமலேயே போக்ராவுக்குப் போய்விடவும் முடியும்.

ஆனால், ஒரு தெருவில் பத்தொன்பது வீடுகளில் சாவு விழுந்திருக்கும்போது, அந்தத் தெரு வழியாக நாம் மேளதாளத்தோடு போவோமா? துக்கம் நடந்த இடத்தில் கொஞ்ச நாள் ஒதுங்கி நிற்பதும் ஒரு மரியாதை. அதே சமயம், பத்தாம் நாள் போய் எட்டிப் பார்க்காமல் இருப்பதும் மரியாதை இல்லை. கோயிலுக்குக் கீழே ராணிபௌவா கிராமத்தில் தங்கும் விடுதி வைத்திருப்பவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் பிழைப்பு யாத்ரீகர்கள்தான். புரட்டாசி, ஐப்பசிதான் அங்கே நல்ல பருவம். ஒருத்தியின் பயம் அவளோடு போகட்டும். நம் எல்லோருடைய பயமும் சேர்ந்து நெடுநாள் நீடித்தால், அங்கே அடுப்பு எரியாது.

இவ்வளவையும் யோசித்துவிட்டு, நான்கு நாள் கழித்து மாமிக்கு போன் செய்தேன். முழுவதையும் சொல்லவில்லை. வேண்டுதலைப் பற்றி மட்டும், எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்: ‘‘போக மாட்டேன் என்பதற்கும், இப்போது போகவில்லை என்பதற்கும் நம் பெரியவர்கள் வித்தியாசம் வைத்திருக்கிறார்களே மாமி. அதற்குத்தானே மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் வழக்கமே வந்தது!’’ ஊரில் தீட்டு என்றாலோ, வெள்ளம் என்றாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ, பதினோரு ரூபாயை முடிந்து சுவாமி படத்தடியில் வைத்துவிட்டு, ‘கடன் ஞாபகம் இருக்கு’ என்று சொல்லிக்கொள்வதுதானே நம் வீட்டு வழக்கம்? கெடு தேதி குறித்துக்கொண்டு வட்டி வசூலிக்க வருகிறவனாகப் பெருமாளை நினைப்பதுதான் எனக்குச் சாமி குத்தமாகத் தோன்றுகிறது.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘‘முடிஞ்சு வெச்சா, அதை அப்படியே மறக்கடிச்சுடுவாளே ஆத்துல...’’ என்றார்.

பாருங்கள், விஷயம் தெரிந்தவர்! எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் தெம்பு. அக்டோபர் பயணத்தை ஒத்திப்போட்டாகிவிட்டதாம். யாத்திரை ஏற்பாட்டாளரிடம் தானே பேசி, கட்டிய பணத்தை அடுத்த பயணத்துக்கு மாற்றிக்கொண்டாராம். காத்மாண்டு வழியா, போக்ரா வழியா, நடுவில் விமானம் ரத்தானால் யார் பொறுப்பு, கலவரத்துக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று வரிசையாகக் கேட்டதில், எதிர்முனையில் இருந்தவர் திணறிவிட்டாராம். (பல பாலிசிகளில் போரும் கலவரமும் விதிவிலக்கு. கேட்டு வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.)

‘‘மார்ச் அஞ்சாம் தேதி அங்கே எலெக்‌ஷன்னு சொல்லியிருக்காளாம். அது முடியட்டும். ஊர் அமைதியா இருந்தா சித்திரையில கிளம்பறேன். பையன்கிட்ட சொல்லிட்டேன்... அப்போ தூக்கம் வரலேன்னா, நீயும் கூட வா, ரெண்டு பேருமா நனையலாம்னு.’’

‘‘காசு முடிஞ்சு வெச்சேளா மாமி?’’

‘‘வெச்சேனே! ஆனா பூஜை ரூம்ல வைக்கலை. சமையல் ரூம் காலண்டர் ஆணியில மாட்டியிருக்கேன். தினம் காபி போடறச்சே எல்லார் கண்ணுலயும் படணுமோல்லியோ!’’