பிள்ளை தாயினும் மூத்ததோ?



வைகாசி முன்னிரவில், விளக்கொளியற்ற நாமக்கல் வயல்வெளியில் நின்று தென்திசை நோக்கினால், மங்கிய பஞ்சுப்பொட்டென ஓர் ஒளி தென்படும். அது ஒமேகா சென்டாரி என்னும் கோள விண்மீன் கொத்து.

இத்தகைய கொத்துகளின் வயதை எவ்வாறு கணிப்பர்? ஒரு கொத்தின் மீன்கள் பெரும்பாலும் ஒருங்கே பிறந்தவை. எடை மிக்கது எரிபொருளை விரைந்து செலவிட்டுச் செம்பெருமீனாகும். எடை குறைந்தது சிக்கனமாய் நெடிது ஒளிரும். எந்த எடை வரையிலானவை இன்னும் முதிராமல் எஞ்சியுள்ளன என்பதே வயதைக் காட்டும். அதற்கு மீன்களின் உண்மையொளி தெரிதல் வேண்டும். உண்மையொளியை அறியத் தொலைவு தெரிதல் வேண்டும்.

முன்னர் இக்கணக்கு சுமார் 1,500 கோடி ஆண்டுகள் என்றது. 1994இல் ஹப்பிள் தொலைநோக்கி வழியே அளந்தோரோ, பிரபஞ்சம் விரியத் தொடங்கியே 800 முதல் 1,200 கோடி ஆண்டுகள்தாம் என்றனர். அந்நாளில் வகுப்பில் ஒரு மாணவன், "பிள்ளை தாயைவிட மூத்ததா, டீச்சர்?" என்றான். "புத்தகத்தில் உள்ளதைப் படி" என்று அதட்டி அமர்த்தினேன்.

1997இல் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளின் அளவுகள் வெளிவந்தன. பல கொத்துகள் எண்ணியதினும் தொலைவில் உள்ளன. ஆதலின் மிகுந்த ஒளியும் குறைந்த வயதும் உடையன எனத் தெளிந்தனர். 1998இல் பிரபஞ்ச விரிவு விரைவுறுவது அறியப்பட, அதன் வயதும் கூடிற்று. இன்று மூத்த கொத்துகளுக்குச் சுமார் 1,250 கோடி ஆண்டுகள். பிரபஞ்ச விரிவிற்கு 1,380 கோடி.

இரு சாராரும் பொய்யுரைத்தாரல்லர். தத்தம் நிலையினின்று கண்டதைச் சொன்னார்கள். பிழை தெரிந்தபோது திருத்திக்கொண்டார்கள். அநேகாந்தம் என்று நாம் ஓதுவது இதுவன்றோ? அதனை ஓதியிருந்தும் ஒரு சிறுவனின் வாயை அடைத்தேன். எங்கிருந்தாலும் அவன் என்னைப் பொறுத்தருள்க. உங்கள் இல்லத்துப் பிள்ளை வினவும்போது, "ஒருவகையில் நீ சொல்வதும் மெய்யே" என்று தொடங்குங்கள்.