யாருக்கு வக்கீல்?

வக்கீல் என்றால் கட்சிக்காரர் என்று ஒருவர் இருக்கவேண்டும். ஃபீஸ் கொடுப்பவர் அவர், அவருக்காகத்தான் வாதம். பி.காம். படித்த என் மூளைக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும். போக்ஸோ கோர்ட்டில் அரசுத் தரப்பில் ஆஜராகும் தோழி ஒருவரிடம் பேசியபோதுதான் கணக்கு உதைத்தது.

"உங்க கட்சிக்காரர் யாரு? அந்தக் குழந்தையா?"

"இல்லை."

"அப்ப போலீஸா?"

"அதுவும் இல்லை" என்று சிரித்தார்.

சம்பளம் தருகிற அரசாங்கம்கூட முழு எஜமானன் இல்லையாம். எப்படியாவது தண்டனை வாங்கியே தீருவேன் என்கிற வெறி அரசு வழக்கறிஞருக்குக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு நியாயமாகச் சேரவேண்டிய சலுகையை மறைக்கவும் கூடாது என்று 1999-ல் ஷிவ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

2012-ல் வந்த போக்ஸோ சட்டம் குழந்தைக்கு நிறையவே பாதுகாப்பு தருகிறது. வக்கீல்கள் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்கவேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக்கூடாது. எல்லாம் சரி. ஆனால், அந்த ஆள் சொந்த மாமாவாக இருந்து, அவர் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது என்றால்?

தோழியிடம் வந்த ஒரு வழக்கு அப்படித்தான். மாஜிஸ்திரேட்டிடம் எல்லாவற்றையும் சொன்ன சிறுமி, சாட்சி சொல்லும் நாளில், "ஒண்ணும் நடக்கலை" என்றாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறழ் சாட்சி என்று அறிவித்து மடக்கலாம். அப்படிச் செய்தால் பாதிக்கப்பட்ட குழந்தையையே பொய்க்காரி ஆக்கவேண்டும். விட்டுவிட்டால் அந்த ஆள் அதே வீட்டுக்குத் திரும்புவான். அவளே வேண்டாம் என்கிறபோது, 'உன் நல்லதுக்குத்தான்' என்று தொடர நாம் யார்?

"என்ன பண்ணீங்க?"

"மடக்கலை. இன்னிக்கு உன்னை யார் கூட்டிட்டு வந்தாங்க, வழியில என்ன பேசினாங்கன்னு மட்டும் நீதிபதி மூலமா கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, 'மாமா ஜெயிலுக்குப் போனா வாடகை யார் குடுப்பா?'ன்னா."

மேற்கொண்டு எதுவும் கேட்காமல், முதல் வேலையாக இடைக்கால இழப்பீட்டுக்கு மனுப் போட்டாராம். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. வாடகைக்கு வழி பிறந்தபிறகு, இன்னொரு நாள், அவள் பேசினாள்.

குழந்தை வேண்டாம் என்று சொன்னதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால், சொல்வது அவளா, அவளுடைய பயமா என்று முதலில் பார்த்தாக வேண்டும் அல்லவா? பயத்தை நீக்காமல் விருப்பத்தைக் கேட்பது, பசியில் இருப்பவனிடம் பேரம் பேசுகிற மாதிரி.

"தண்டனை கிடைச்சுதா?"

"கிடைச்சுது. ஆனா, 'அம்மா இன்னும் என்கூட சரியா பேசறதில்லை ஆன்ட்டி'ன்னு ஒருநாள் சொன்னா."

அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.