சிஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள்?



ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் பாட்டில் காலியாகப் போகிறது. கூட இருக்கிறவர் பதறிப்போய் வார்டு வாசலுக்கு ஓடுகிறார். என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்? "சிஸ்டர்!" அந்தச் செவிலியருக்குக் கூப்பிடுகிறவரின் அம்மா வயது இருக்கும். ஆனாலும் சிஸ்டர்தான். ஆண் செவிலியர் வந்தால் "பிரதர்". கன்னியாஸ்திரிகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட காலத்தின் மிச்சம் அந்தச் சொல். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, ஓடிப்போய் உலை வைக்க ஒரு வீடு இல்லை என்ற நினைப்பு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, சிஸ்டருக்கு எத்தனை பிள்ளைகள் என்று யாரும் கேட்பதில்லை.

இன்று காலை கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

1860ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் முயற்சியால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. முதல் அணியில் 15 பெண்கள். மருத்துவமனைக்குள்ளேயே தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு. வார்டில் வேலை, இடையிடையே பாடம். ஒவ்வொருவரின் நடத்தையையும் மேட்ரன் மாதாமாதம் ஏட்டில் குறித்து வைப்பார். ஆகவே வேலை பார்த்துக்கொண்டே நர்சிங் படிப்பது புதிய சங்கதி அல்ல. அந்தப் படிப்பு பிறந்ததே அப்படித்தான். ஒரே ஒரு வித்தியாசம்: அந்த 15 பேருக்கும் வேறு யாரோ சமைத்துப் போட்டார்கள்.

1873இல் இதே முறையை ஒட்டி அமெரிக்காவில் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் என்று மூன்று ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. பிறகு ஊரெங்கும். மாணவிகளின் உழைப்பில்தான் பல மருத்துவமனைகளின் வார்டுகள் ஓடின. விடுதியில் தங்கியாக வேண்டும். பல பள்ளிகளில், படிக்கும்போது கல்யாணம் செய்துகொண்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பிள்ளையோடு ஒருத்தி படிக்க வருவாள் என்று யாரும் நினைத்தே பார்க்கவில்லை.

அந்தக் கதவைத் திறந்தவர்களில் முக்கியமானவர் மில்ட்ரெட் மான்டாக். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் அவர் செய்து 1951இல் வெளியான முனைவர் பட்ட ஆய்வு ஒரு யோசனையைச் சொன்னது. செவிலியர் படிப்பை மருத்துவமனையின் பிடியிலிருந்து எடுத்து, வீட்டிலிருந்து போய்வரும் சமுதாயக் கல்லூரிகளில் இரண்டே ஆண்டில் கற்பிக்கலாம் என்றார். 1952இல் சில கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். தாய்மார்கள் மேல் இரக்கப்பட்டு அவர் இதைச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். போருக்குப் பிறகு செவிலியர் பற்றாக்குறை. அதற்கு அவர் கண்ட வழி அது. ஆனால் விடுதிக் கட்டாயம் போனதும் வகுப்புக்கு வந்தவர்களைப் பாருங்கள்: முப்பது வயது தாண்டியவர்கள், கல்யாணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஆண்கள். கதவுக்கு வெளியே இத்தனை பேர் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் இன்றும் மூன்றாண்டு டிப்ளமோவானாலும் நான்காண்டுப் பட்டமானாலும் பகல் முழுக்க வகுப்பும் வார்டும்தான். பிளஸ் டூ முடித்த பெண்ணை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. வார்டில் பத்து வருடம் பெட்பேன் எடுத்து, நோயாளியின் முனகலை வைத்தே வலி எங்கே என்று சொல்லிவிடுகிற ஆயா, அதே வார்டில் நர்ஸாக வர வழி எங்கே இருக்கிறது? எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, அமெரிக்காவில் கதவு திறந்தாயிற்று. உள்ளே போனவர் எப்படி நடக்கிறார்?

ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். மருத்துவமனையில் உதவியாளர் வேலை. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது. அங்கே பல மருத்துவமனைகளில் ஒரு ஷிப்ட் 12 மணி நேரம். வாரத்துக்கு மூன்று ஷிப்ட், ஆக 36 மணி நேரம் பார்த்தாலே முழுநேர வேலை என்று கணக்கு. பல இடங்களில் முழுநேரம் என்றால்தான் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. அதனால் வேலையை விட முடியாது. வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளை வேலைக்குக் கொடுக்கிறார். மற்ற நாட்களைப் படிப்புக்கு.

தாளில் எழுதிப் பார்த்தால் அழகாக இருக்கிறது. ஞாயிறு இரவு 7 மணிக்குத் தொடங்கிய ஷிப்ட் திங்கள் காலை 7 மணிக்கு முடிந்து, வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அப்படியே வகுப்புக்கும் போய் உட்கார்ந்தால்? ஆய்வாளர்கள் இருவர் 2000ஆம் ஆண்டில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவர், சில சோதனைகளில், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரைப் போலவோ அதைவிட மோசமாகவோ தடுமாறுகிறார். அந்த நிலையில் கார் ஓட்டுகிறார் நம் மாணவி. உடம்பை வருத்திப் படிப்பதைப் புகழ்ந்து பேசும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையை நான் விட்டுவிட்டுப் போக மாட்டேன். ஒரு பக்கம் மகள் பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறாள். எதிரே அம்மாவுக்கும் கணக்குத்தான். 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்தக் குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஆயிரத்தை இருபதால் பெருக்கி, 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 41.67 வரும். சொட்டை வெட்ட முடியாதே, அதனால் 42. மகளின் கணக்கில் தப்பு வந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. அம்மாவின் கணக்கில் தப்பு வந்தால் ஒரு மனிதரின் ரத்தக் குழாய். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கப் பழக வேண்டும். வீட்டில் கிடைப்பது மகளின் கைதான். பெரியவர்களுக்கான பட்டையை அந்தச் சின்னக் கையில் சுற்றினால் அளவு உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பட்டை கைக்கேற்ற அளவில் இருக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகலாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டிய மகளிடம் படித்தது மறக்காது.

இப்படிப்பட்டவர்களுக்கு ஊரார் தருகிற அறிவுரை ஒன்று உண்டு: நேரத்தைத் திட்டமிடுங்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபம்கூட வரும். பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் 12 மணி நேர ஷிப்டையும் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டுகிறவருக்கு அதைத் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை. அவருக்கு இல்லாதது நாளின் 24 மணி நேரம் அல்ல. இரண்டே இரண்டு மணி நேரம். அது எந்த நேரம் என்றும் அவருக்குத் தெரியும்.

வார்டுப் பயிற்சி நாளில் மாணவர்கள் 7 மணிக்கு முன்பே போய் நிற்க வேண்டும். ஏழுக்கு ஷிப்ட் மாறும். இரவுச் செவிலியர் பகல் செவிலியரிடம் ரிப்போர்ட் கொடுப்பார்: இந்தப் படுக்கைக்காரருக்கு ராத்திரி காய்ச்சல் இறங்கியது, அடுத்த மருந்து எத்தனை மணிக்கு, எதற்கு ஒவ்வாமை. அதைக் கேட்காமல் பயிற்சி இல்லை. தாமதமாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுகிற பள்ளிகளும் உண்டு. அப்படியானால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 6 மணிக்கு முன்பு. பள்ளிப் பேருந்தோ எட்டு மணிக்கு. காப்பகம் திறந்திருக்காது. கணவரும் இரவு வேலை என்றாலோ, கணவரே இல்லை என்றாலோ, இரண்டு வருடப் படிப்பு முழுவதும் அந்த விடியற்காலை நேரத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. கல்விக் கடன் கிடைக்கும், புத்தகம் கிடைக்கும். அந்த நேரத்தை எந்த வங்கியிலும் வாங்க முடியாது.

இதோ இப்போது நீங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற நேரம்தான் அது. உலகத்தில் எங்கோ ஒரு கதவை மெல்லத் தட்டுகிறார் அப்படி ஒரு மாணவி. தோளில் தூங்கும் பிள்ளை, கையில் பள்ளிப் பை. தூக்கக் கலக்கத்தோடு பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறக்கிறார். பிள்ளை தோள் மாறுகிறது. மாணவி தாழ்ந்த குரலில் சொல்கிறார்:

"ராத்திரி ரெண்டு தரம் இருமினாம்மா. காய்ச்சல் இல்ல. ஏழு மணிக்கு இருமல் மருந்து, அஞ்சு மில்லி. பால் கொடுக்காதீங்க, வேணாம்பா. டிபன் பையில இருக்கு."