கத்தியின் பதமும் கையின் பதமும்

'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்' என்பது நம் ஊர்ப் பழமொழி. அதைக் கேட்கும்போதெல்லாம் நாம் சிரிக்கிறோம். அவளுக்கு ஆடத் தெரியாது என்பதைப் பழமொழியே முதலில் நம் காதில் போட்டுவிடுவதால்தான் அந்தச் சிரிப்பு எளிதாக வருகிறது. ஆனால் ஒரு கணம் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பார்ப்போம். அன்றுதான் அவள் முதன்முறையாக மேடை ஏறியிருக்கிறாள். கால் தடுமாறுகிறது. மேடை கோணலா, கால் பழகாததா? இரண்டையும் அவள் தன் காலைக் கொண்டே அறிய வேண்டியிருக்கிறது. நேரான மேடையில் ஒருநாளும் ஆடியறியாதவள் கோணலை எதனோடு ஒப்பிடுவாள்? சிரிப்பதற்கு முன் நாம் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இக்கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது ஏதோ ஒரு மெய்யியல் நூலைப் படித்தபோதன்று. ஒரு சவரக்கத்தியைக் கையில் எடுத்தபோது.

நான் இளங்குருவாக உதவிப் பணி செய்த முதல் பங்கின் தந்தை, மடக்குச் சவரக்கத்தியால் தாமே மழித்துக்கொள்ளும் பழக்கமுடையவர். அவர் 2016-இல் மறைந்தபோது விட்டுச்சென்ற பொருள்கள் மிகச் சில. அவற்றுள் அந்தக் கத்தியும் அதைத் தீட்டும் தோல்வாரும் என்னிடம் வந்து சேர்ந்தன. ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பெயர் பொறித்த பழைய கத்தி. அவர் நினைவாக அதை நானும் பயன்படுத்த எண்ணினேன். முதல் நாள் காலையிலேயே கத்தி மயிரை அறுக்காமல் இழுத்தது. கன்னத்தில் மூன்று இடத்தில் இரத்தம் கசிந்தது. 'நெடுநாள் பெட்டியில் கிடந்து கத்தி மழுங்கிவிட்டது' என்று உடனே தீர்ப்புச் சொன்னேன். தீர்ப்புச் சொன்னவன் யார்? அதுவரை அப்படியொரு கத்தியைப் பிடித்தே அறியாதவன்.

தோல்வாரைக் கதவில் மாட்டி, சிறுவயதில் பார்த்த நினைவில் சரசரவென்று கத்தியைத் தேய்த்தேன். மறுநாள் இன்னும் மோசமாயிற்று. அடுப்படிக் கத்தி தீட்டும் கல்லை வாங்கி வந்து அதிலும் தேய்த்தேன். அதற்கடுத்த நாள் கத்தி கன்னத்தில் நகரவே மறுத்தது.

பின்னர் என் எண்ணம் மறுபுறம் சாய்ந்தது. 'குறை கத்தியில் இல்லை, என் கையில்தான்' என்று முடிவு செய்தேன். இரண்டு வாரம் கையைப் பழக்கினேன். அழுத்திப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். மழுங்கிய இரும்பைத் தீட்டாதவன் கூடுதல் வலிமையைச் செலவிட நேரும் என்று சபை உரையாளர் நூலின் பத்தாம் அதிகாரம் எச்சரிப்பதைப் பலமுறை மறையுரையில் எடுத்துச் சொன்னவன் நான். ஆயினும் அது என் கன்னத்தைப் பற்றியும் பேசுகிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கத்தியைக் குறைசொன்னது செருக்கு, கையைக் குறைசொல்வது பணிவு என்று எண்ணி மனத்துக்குள் சற்று நிறைவும் கொண்டேன். உண்மையில் இரண்டு தீர்ப்புகளும் ஒரே அறியாமையிலிருந்து பிறந்தவை. முதலாவது என்னைக் காப்பாற்றியது. இரண்டாவது என்னைக் கடிந்துகொண்டது. இரண்டுமே உண்மையைத் தேடவில்லை. உண்மையைத் தேடாத தன்னிகழ்ச்சியைப் பணிவென்று சொல்ல முடியுமா?

கத்தியின் கூரை அறியச் சோதனைகள் இல்லையா என்று கேட்கலாம். பல உள்ளன. கட்டைவிரலின் சதையில் விளிம்பை மெல்லப் படவைத்துப் பார்ப்பார்கள். நகத்தில் வைத்துப் பார்ப்பார்கள். முன்கை மயிரை மழித்துப் பார்ப்பார்கள். ஒரு தலைமயிரைத் தொங்கவிட்டு, கத்தி பட்டதும் அது அறுந்து விழுகிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் பழகியவருக்கே பேசும். முன்கையின் மென்மையான மயிரை அறுக்கும் கத்தி, முகத்தின் தடித்த மயிருக்குப் போதாமற் போகலாம். தொங்கும் மயிர் தடித்ததானால் எளிதில் அறும். மெல்லியதானால் வளைந்து தப்பிக்கும். விரலின் சதை என்ன சொல்கிறது என்பதை நூறு கத்திகளைத் தொட்டவரே அறிவார். நகத்தில் வைக்கும் சோதனையோ, நயமாகச் செய்யாவிட்டால், எந்தக் கூரை அறிய முயல்கிறோமோ அதையே கெடுத்துவிடும். நன்கு தீட்டிய கத்தி விளிம்பின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை நினைவிற்கொண்டால் இது வியப்பாகாது.

தெரியாத ஒன்றைத் தேடுவது எப்படி? எதிரில் வந்து நின்றாலும் இதுதான் அது என்று எவ்வாறு அறிவாய்? பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலில் எழும் இப்புதிரைக் குருமடத்தில் படித்தபோது அதைச் சொல் விளையாட்டு என்றே கருதினேன். கண்ணாடி முன் இரத்தம் துடைத்துக்கொண்டு நின்றபோது அது விளையாட்டாகத் தெரியவில்லை. கூர்மை எப்படியிருக்கும் என்று அறியேன். சரியான கைப்பழக்கம் எப்படியிருக்கும் என்றும் அறியேன். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்கவும் வழியில்லை.

கடைசியில் கடைவீதியில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் முதியவரிடம் சென்றேன். நோய்த் தொற்றுக்கு இடம் கொடாதபடி பாதி பிளேடைச் செருகிப் பயன்படுத்தி, பின் எறிந்துவிடும் கத்திதான் இப்போது அவர் கடையிலும் இருக்கிறது. ஆனால் அவருடைய இளமை தீட்டும் கத்தியோடு கழிந்தது. கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விளிம்பில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மின்னியது. கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது, மழுங்கியதுதான் மின்னும். காதோரத்தில் நுரை தடவி ஒருமுறை இழுத்தார். அவர் கையிலும் கத்தி இழுத்தது.

"யாரு சாமி இதைத் தீட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான் ஐயா."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படியும்படி வைத்து, தம் பழைய மெல்லிய கல்லில் தீட்டி வைத்திருந்தார். வெந்நீரில் தாடியை நன்கு ஊறவைத்து, என் வலக் கன்னத்தை அவரே மழித்தார். கத்தி பட்டதே தெரியவில்லை. பிறகு கத்தியைத் துடைத்து என்னிடம் நீட்டி, "இடது பக்கம் நீங்க எடுங்க சாமி" என்றார்.

அதே கத்தி, அதே தாடி, அதே நுரை. என் கையில் அது மீண்டும் இழுத்தது.

அவர் என் கையைப் பற்றி, கத்தியைக் கன்னத்தின் பக்கமாகத் தாழ்த்தினார்; ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வு. மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடிக்கச் செய்தார். "அழுத்தாதீங்க. கத்தி தன் எடையிலயே நடக்கட்டும்" என்றார். கத்தி நடந்தது.

ஆக, அவர் கையிலும் இழுத்ததால் குறை கத்தியில் இருந்தது. தீட்டிய பின்னும் என் கையில் இழுத்ததால் குறை என் கையிலும் இருந்தது. இவ்வளவோடு முடிந்திருந்தால், 'இரண்டிலும் பாதி' என்று சமரசம் சொல்லிவிடலாம். ஆனால் கத்தி மழுங்கியதே என் கையால்தான் என்பதைப் பெரியவர் பின்னர் விளக்கினார். தோல்வாரில் கத்தியின் முதுகு முன்னே செல்ல, விளிம்பு பின்னே வர இழுக்க வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். வாரைத் தொய்வாக விட்டாலும், முதுகைத் தூக்கி அழுத்தினாலும் விளிம்பு உருண்டுவிடும். மறைந்த தந்தை பெட்டியில் வைத்தபோது அது ஒருவேளை கூராகவே இருந்திருக்கலாம். முதல் நாள் இழுத்தது கத்தியா கையா என்பதை இனி யாரும் சொல்ல இயலாது. அதற்கான சான்றை நானே தேய்த்து அழித்துவிட்டேன்.

சாய்வும் விளிம்பும் இப்படி ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை அறிவியலும் காட்டியிருக்கிறது. இரும்பினும் மிக மென்மையான மயிர் எப்படிக் கத்தியை மழுக்குகிறது என்பதை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், எறிந்துவிடும் பிளேடுகளைக் கொண்டு ஆராய்ந்து 2020-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். பிளேடின் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது மயிர். ஆயினும் மயிர் வளைந்து, பிளேடு அதன்மேல் சாய்வாகப் படும்போது, எஃகின் உள்ளமைப்பில் நலிந்த இடங்களில் விளிம்பு நுண்ணிதாகச் சிதைகிறது என்று கண்டனர். கை வேறு, கருவி வேறு என்று நாம் போடும் கோடு அத்துணைத் தெளிவானதன்று.

ஒழுக்க வாழ்விலும் இது உண்மை. 'என் சுபாவமே இப்படி' என்று சிலர் சொல்கிறார்கள். பழி கருவியின் மேல். 'எல்லாம் என் தவறு' என்று ஓயாமல் தம்மைத் தாமே வதைப்போரும் உண்டு. பழி கையின் மேல். எறிந்த கல்லை மீண்டும் பிடிக்க இயலாது; ஆயினும் எறிவதும் எறியாதிருப்பதும் நம் கையில்தான் இருந்தது என்று அரிஸ்டாட்டில் தம் அறநூலில் விளக்குகிறார். இன்று நம் சுபாவமாக நிற்பதில் ஒரு பகுதி நேற்று நம் கை தேய்த்தது. மறுபகுதி நம் கைக்கு வருமுன்பே அப்படி இருந்தது. எது எவ்வளவு என்பதை நாமே தனித்திருந்து பிரித்துவிட இயலுமென்று நம்புவதில்தான் இடர் இருக்கிறது.

இங்கே என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் உதவிக் குருவாக இருந்த அதே முதல் பங்கில், 1998-இல், மாலை நேரத்தில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பின்னம் என்ற பாடத்தில் ஒரு சிறுவன் தேறவேயில்லை. மூன்று மாதம் முயன்றபின் அவன் தந்தையை அழைத்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதேனும் தொழிலில் சேர்த்துவிடுங்கள்" என்றேன். குருவின் சொல் என்பதால் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த மாதமே அவன் ஒரு மிதிவண்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். கூர்மையான புத்தி, மழுங்கிய புத்தி என்று மனித அறிவையும் கத்தியாகவே பேசுகிறது நம் தமிழ். அந்தப் பேச்சின் வேகத்தில் அவனை மழுங்கியவன் என்று தீர்த்துவிட்டேன். அப்போது எனக்குக் கற்பிக்கும் பழக்கம் எத்தனை மாதத்தது? அதே மூன்று மாதந்தான். அவன் புத்தி மழுங்கியிருந்ததா, என் கை பழகாதிருந்ததா, என் பதற்றமே அவனிடம் இருந்த கூரையும் தேய்த்துவிட்டதா? எனக்கு இன்றுவரை தெரியாது. அவனை வேறோர் ஆசிரியர் கையில் ஒருநாளேனும் கொடுத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னேன். ஒரு கத்திக்கு அந்த முதியவர் காட்டிய நியாயத்தை ஒரு பிள்ளைக்கு நான் காட்டவில்லை.

தொடக்கநிலையில் இருப்பவன் என்னதான் செய்வது? ஒரு வழி, இரண்டு தெரியாதவற்றில் ஒன்றைத் தெரிந்ததாக்கிக்கொள்வது. கில்லெட் என்பவர் 1903-இல் எறிந்துவிடும் பிளேடை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, தீட்டும் கலையைச் சாதாரண மனிதனின் தோளிலிருந்து இறக்கிவைத்தார். புதிய பிளேடு இழுத்தால் பெரும்பாலும் கையைத்தான் ஐயுற வேண்டும். ஆனால் வாழ்வின் பெரிய காரியங்களில் புதிய பிளேடு கிடைப்பதில்லை. அங்கே மற்ற வழியே உண்டு: பழகிய கையில் கொடுத்துப் பார்ப்பது. யாழை மீட்டியே நல்ல யாழ் வல்லுநரும் உருவாகிறார், மோசமானவரும் உருவாகிறார். ஆகையால்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. பயிற்சி மட்டும் போதுமானால் என் இரண்டு வாரப் பயிற்சி என்னைத் திருத்தியிருக்கும். அது என் தவற்றைத்தான் உறுதிப்படுத்தியது. தூய தாமஸ் அக்குவினாஸ் விவேகத்தின் கூறுகளுள் ஒன்றாகக் கற்றுக்கொள்ளும் மனப்பாங்கை வைக்கிறார். தனித்தனி நிகழ்வுகள் எண்ணிறந்தவை. ஒருவர் தனியே அனைத்தையும் ஆராய்ந்து முடிக்க இயலாது. கற்றறிந்தவர்க்கும் இம்மனப்பாங்கு வேண்டும் என்கிறார்.

'கத்தியையே அறியாதவன் நல்ல வல்லுநரை எப்படி அறிவான்?' என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கூர்மை இன்னதென்று எனக்குத் தெரியாது. ஆனால் என் கன்னம் எரிகிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியும். ஆகவே அந்த நம்பிக்கை குருட்டு நம்பிக்கையன்று. அது என் தோலுக்கு எட்டும் இடத்திலேயே சோதிக்கப்படுகிறது. இன்னோர் அடையாளமும் உண்டு. நல்ல ஆசிரியர் இரு கன்னத்தையும் தாமே மழித்து அனுப்பிவிடுவதில்லை. ஒன்றை நமக்கு விட்டுவைக்கிறார். நம்மை என்றும் தம்மிடமே வந்து நிற்கச் செய்பவர் வல்லவராக இருக்கலாம், ஆசிரியர் ஆகமாட்டார்.

மேடை கோணல் என்ற அந்தப் பெண்ணை இப்போதெல்லாம் என்னால் முன்போல் எள்ளிச் சிரிக்க முடிவதில்லை. அவள் சொன்னது தவறாக இருக்கலாம்; சரியாகவும் இருக்கலாம். ஆடத் தெரிந்த ஒருவர் அம்மேடையில் ஏறி நான்கு அடி வைத்துப் பார்த்தாரா என்று கேட்கவே தோன்றுகிறது.

கத்தி இப்போது பெரும்பாலும் நன்றாக நடக்கிறது. சில நாள்களில் இழுக்கவும் செய்கிறது. அந்நாள்களில் கத்தியையும் குறைசொல்லாமல், கையையும் குறைசொல்லாமல், அதைத் துடைத்து மடக்கி எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு நடக்கிறேன்.