கொடைமடமும் முருகைக்கல் விளக்கும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன் மயிலொன்றுக்குத் தன் போர்வையை ஈந்த செய்தியைச் சங்க இலக்கியம் கற்போர் யாவரும் அறிவர். பெறுவோரின் தகுதியும் தேவையும் நோக்காது வழங்கும் இத்தகைய ஈகையைக் கொடைமடம் என்றனர் பழந்தமிழர். மடம் எனப் பெயரிட்டும் அதனைப் பழியாகக் கொள்ளாது புகழாகவே கொண்டமை நோக்கற்பாலது. அப்போர்வை மயிலுக்குப் பயன்படாதென்பதை அறிந்தே பேகன் ஈந்தான் எனப் பரணர் புறநானூற்றிற் குறிப்பிடுதலின், அவனை அறியாமையுடையான் எனல் பொருந்தாது. ஆயினும் அங்கு அளவுகோலாய் நின்றது கொடுத்தவனின் உள்ளமே. பெறுவது வாய்பேசா உயிராயிருக்குமிடத்து, கொடுப்பவனின் அன்பு ஒன்றே கொடையை நற்கொடையாக்குமா என்ற வினா எஞ்சியே நிற்கின்றது.

இவ்வினாவை ஆராய்தற்கு உகந்த களமொன்று சங்கப் பாடல்களுக்கு வெகு தொலைவில் உள்ளது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்ணாடித் தொட்டியில் உவர்நீர் நிரப்பி, உயிருள்ள முருகைக்கற்களைத் தம் இல்லங்களில் வளர்ப்போர் பலர் உளர். அவருட் சிலர் தொட்டிக்கு மேலே தொங்கும் விளக்கைக் கடையில் வாங்காது தம் கையாலேயே செய்துகொள்கின்றனர். செலவைக் குறைப்பதே அவர்தம் முதல் நோக்கம் எனலாம். ஆனால் அவ்வேலை அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் வேறு.

முருகைக்கல் உண்மையிற் கல்லன்று; கல்லைக் கட்டி வாழும் சிறு விலங்குகளின் கூட்டமாகும். அவற்றின் இழையங்களுள் வாழும் நுண்ணிய அல்காக்கள் ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவிற் பெரும்பகுதியைத் தமக்கு இடமளித்த விலங்குக்கே கொடுத்துவிடுகின்றன. எனவே, அதற்கு ஒளியளித்தல் சோறளித்தலுக்கு ஒப்பானது. இந்தோனேசியாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பார் வெயிலும், காற்றுக்குமிழியும், உயிர்கள் பற்றிய பாறையும் கொண்டே இத்தகைய தொட்டியைப் பேணும் முறையை 1961 இல் எழுதி வெளியிட்டார். வெயில் அவருக்கு விலையின்றிக் கிடைத்தது. வடபுலத்தாருக்கோ விளக்கு வேண்டியதாயிற்று. வெப்பம் மிகக் கக்கும் பழைய விளக்குகளுக்கு மாற்றாக எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயிகள் வருதற்கு, யப்பானில் 1990களின் தொடக்கத்தில் நிறைவெய்திய நீல ஒளி ஆராய்ச்சியே வழிகோலியது. அவ்வாராய்ச்சிக்காக அக்கசாக்கி, அமானோ, நாக்கமுரா ஆகிய மூவரும் 2014 இற் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றனர்.

விளக்குச் செய்வோன் முதலிற் கற்பது அடக்கத்தையே. ஓர் இருவாயிக்கு ஏறத்தாழ 3 வோல்ற்று வேண்டும்; பன்னிரண்டைத் தொடராக இணைப்பின் 36 வோல்ற்று. ஆனால் வோல்ற்றளவை மாறாது வைத்திருத்தல் போதாது. இருவாயி சூடாகுந்தோறும் அதே வோல்ற்றளவில் மேலும் மின்னோட்டத்தை இழுத்து, மேலும் சூடாகித் தன்னையே எரித்துக்கொள்ளும். ஆதலின் மின்னோட்டத்தை மாறாது காக்கும் கருவியொன்று தேவை. ஒளியாகாத மின்சக்தி வெப்பமாய்ப் பின்புறம் தேங்குகின்றது. அதனை வாங்கிக் காற்றிற் பரப்பச் சிறகுகளையுடைய அலுமினியத் தகடு வேண்டும். கீழே உவர்நீர், மேலே மின்கம்பி. இடையில் ஓர் ஒளிபுகு தகடாவது இல்லாவிடின் அழிவது விளக்கு மட்டுமன்று. இவற்றில் எதுவும் நல்லெண்ணத்துக்கு இரங்குவதில்லை.

இவற்றையெல்லாம் முடித்து விளக்கை ஏற்றியவுடன் அவன் தொட்டியை நோக்குகின்றான். அங்கேதான் பிழை தொடங்குகின்றது. மனிதக் கண் பச்சை ஒளியை, அதாவது 555 நனோமீற்றர் அளவிலுள்ளதை, மிகக் கூர்மையாக உணரும். முருகைக்கல் வளர்ப்போர் பெரிதும் பயன்படுத்தும் 450 நனோமீற்றர் நீலத்தை அதில் இருபதிலொரு பங்குக்கும் குறைவாகவே உணரும். ஆழ்கடலிற் செந்நிறம் விரைவில் நீரால் விழுங்கப்பட, நீலமே நெடுந்தூரம் இறங்குகின்றது. அல்காக்களும் அதற்கே பழகியவை. ஆகவே, கண்ணுக்கு மங்கலாகத் தோன்றும் தொட்டி முருகைக்கல்லுக்கு உச்சிவெயிலாய் இருத்தல் கூடும். பழைய விளக்கினை அகற்றிப் புதியதை ஏற்றியோர் பலர், போதாதெனக் கருதி ஒளியைக் கூட்டினர். சில நாட்களில் முருகைக்கற்கள் வெளிறின. மிகையொளியால் அல்காக்களினுள் நச்சியல்புள்ள ஒட்சிசன் வகைகள் பெருகுகின்றன; விலங்கு தனக்கு உணவூட்டும் அல்காக்களைத் தானே வெளியேற்றிவிடுகின்றது. எஞ்சுவது வெள்ளை எலும்பின்மேற் போர்த்த கண்ணாடி போன்ற தோல்.

பேகனின் போர்வை மயிலுக்குப் பயன்படவில்லை. எனினும் அதனைக் கொல்லவுமில்லை. இங்கோ கொடை மிகுந்தமையாலேயே கொலையாகின்றது. கொடுத்தவன் கொடியவனல்லன், தன் கண்ணால் அளந்தான், அவ்வளவே. தேர்ந்த வளர்ப்போர் இதனாலேயே 400 முதல் 700 நனோமீற்றர் வரையான ஒளித்துணிக்கைகளைக் கணிக்கும் மானியை நாடுகின்றனர். விலை மிகுந்த கருவியாதலின், அமெரிக்காவிலுள்ள சில மீன்தொட்டிச் சங்கங்கள் அதனை உறுப்பினருக்கு இரவல் கொடுப்பதுமுண்டு. புதிய விளக்கைத் தாழ்ந்த ஒளியில் தொடங்கி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உயர்த்துவர். இந்த மானி அன்பின் இடத்தைப் பறித்துக்கொண்டதெனச் சிலர் கூறக்கூடும். தன் கண்ணை நம்ப மறுத்து, பிறிதோர் உயிருக்கு வேண்டியதை வருந்தி அறிதல் அன்பின் குறைவு ஆகுமாறு எங்ஙனம்?

எனினும் வளர்ப்போரை முற்றாக விடுவித்தல் இயலாது. ஆங்கிலேயரான பிலிப் ஹென்றி கொஸ் 1854 இல் வெளியிட்ட நூல் கடலுயிர்த் தொட்டிகளை அந்நாட்டில் வேட்கையாக்கிற்று. அவர் எழுத்தாற் கவரப்பட்டோர் கரையோரப் பாறைக்குட்டைகளை வெறுமையாக்கிய துயரை அவர் மகன் எட்மண்ட் கொஸ் 1907 இல் எழுதிவைத்தார். கடலிலிருந்து பெயர்த்தெடுத்த உயிருக்கு ஒளியை அளந்து கொடுப்பவன், முதலில் எடுத்தவனும் தானே என்பதை மறத்தலாகாது. இலங்கையின் இக்கடுவைக் கடலில் 1998 இல் நீர் வெப்பமுற்று முருகைக்கற்கள் பெருமளவு வெளிறிய வேளையில், ஒளியைத் தாழ்த்துதற்கு அங்கே எந்த விசையும் இருக்கவில்லை.

தொட்டி வளர்ப்பிலும் பார்ப்பவனின் கண் முற்றாக விலகிவிடுவதில்லை. பகல் முழுதும் வேலைக்குச் செல்பவன் நண்பகலில் விளக்கேறி இரவு பத்துமணிக்கு அணையுமாறு நேரத்தை அமைக்கின்றான். முருகைக்கல்லின் பகல் அவனுடைய மாலையாகிவிடுகின்றது. கடைசி ஒருமணி நேரம் நீலம் மட்டும் எரிய, அவை பச்சையும் செம்மஞ்சளுமாய் ஒளிர்வதைக் கண்டு அவன் மகிழ்கின்றான். அதனாற் பெரிதும் தீங்கில்லை. அளவு மட்டும் முருகைக்கல்லுக்குரியதாய் இருந்தாற் போதும். நன்கு வளர்ந்த முருகைக்கல்லின் ஒரு கிளையை முறித்து மற்றொருவருக்குக் கொடுக்கும் வழக்கமும் இவர்களிடையே உண்டு. அவ்வாறு பெற்ற கிளை கடலிலிருந்து புதிதாய்ப் பெயர்க்க வேண்டியதொன்றன்று. பெறுபவர் முதலிற் கேட்பது, இது எத்துணை ஒளியில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதையே.