முதுகில் எஞ்சின், முன்னே காற்று

பாராகிளைடரின் துணிச்சிறகோடு, முதுகில் சுமக்கும் சிறிய எஞ்சினும் சேர்ந்ததே பாராமோட்டார். எஞ்சின், உந்துவிசிறி, அதைச் சுற்றிய வளையக் கூண்டு எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 20 முதல் 35 கிலோ எடை இருக்கும். அதைச் சுமந்தபடி சமதரையில் சற்று தூரம் ஓடினால் சிறகு காற்றை நிறைத்துக்கொண்டு தலைக்கு மேல் எழும். எஞ்சின் தள்ள, கால்கள் தரையை விடும். எஞ்சின் இல்லாத பாராகிளைடருக்கு மலைச்சரிவு வேண்டும், அதில் மோதி ஏறும் காற்றோ வெயிலில் எழும் வெப்பக்காற்றோ வேண்டும். அவை அமையாத நாளில் எழுந்தாலும் சற்று நேரத்தில் தரைக்கு வந்துவிட வேண்டியதுதான். அந்த முடிவை வானமே எடுத்துவிடும். எஞ்சின் வந்ததும் முடிவு மனிதன் கைக்கு மாறிவிட்டது. வயலிலிருந்தும் மணல்வெளியிலிருந்தும் எழலாம். எழக் கூடாத நேரத்திலும் எழலாம். செய்ய முடிந்த ஒன்றைச் செய்யாமல் விடுவதற்கு மனிதனுக்கு என்ன துணை இருக்கிறது? இந்தப் பறப்பின் ஆழமான கேள்வி அதுதான். ஒவ்வொரு நிலமும் அதை வெவ்வேறு விதமாகக் கேட்கிறது.

சமவெளியில் விடியலை ஒட்டிய நேரமும் பொழுது சாயும் நேரமும் ஏற்றவை. வெயில் ஏறினால் உழுத நிலமும் தார்ச்சாலையும் பசும்பயிரைவிட வேகமாகச் சூடேற, அவற்றின் மேலுள்ள காற்று தூண் தூணாக எழும். தாழ்வாகப் பறக்கும் சிறகை அது குலுக்கும். சில வேளை ஒரு பக்கத்தை மடக்கியும் விடும். தெளிந்த விடியலிலும் ஒரு மறைவு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும்போது, அதற்குச் சில நூறு அடி மேலே பலத்த காற்று ஓடிக்கொண்டிருக்கலாம். கீழே இலைகூட ஆடாது.

அந்தக் காற்றின் கணக்கு எளியது, ஆனால் இரக்கமற்றது. சிறகின் வேகம் மணிக்கு 40 கி.மீ., காற்றின் வேகம் 30 கி.மீ. என்றால், காற்றோடு சேர்ந்து அரை மணி நேரத்தில் 35 கி.மீ. போய்விடலாம். திரும்பும்போது கிடைப்பது மணிக்கு 10 கி.மீ.தான், புறப்பட்ட இடம் சேர மூன்றரை மணி நேரம் ஆகும். மணிக்கு 4 லிட்டர் செலவழிக்கும் எஞ்சினுக்கு 10 லிட்டர் தொட்டி அவ்வளவு நேரம் தாங்காது. காற்று முதுகில் தள்ளும்போது அது இருப்பதே தெரிவதில்லை. பயணம் நன்றாக நடப்பதாகவே தோன்றும். அனுபவமுள்ளவர்கள் முதலில் காற்றை எதிர்த்துப் போவது அதனால்தான். கடினமான பாதியை முன்னதாக முடித்தவருக்கு, நடுவில் மனம் மாறினாலும் திரும்பும் வழி திறந்தே இருக்கும்.

கடலிலிருந்து வரும் காற்று தடை எதிலும் மோதாமல் வருவதால் சீரானது. அந்தச் சீர்மையே பறப்பவரைக் கரையை விட்டு வெளியே இழுக்கிறது. எஞ்சின் நின்றால் சிறகு ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 6 முதல் 8 மீட்டர் முன்னே செல்லும். அந்தத் தொலைவுக்குள் மணல் இல்லையென்றால் இறங்குமிடம் நீர்தான். முதுகில் பூட்டிய பாரம், நனைந்த துணி, உடலைச் சுற்றும் கயிறுகள் ஆகியவற்றோடு நீரில் விழுவது நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் ஆபத்தே.

மலையில் காற்று வரும் பக்கம் தாங்கும். மறுபக்கம், ஆற்றுப் பாறைக்குப் பின்னால் நீர் சுழல்வதைப்போலக் காற்று சுழன்று கீழே இழுக்கும். பகலில் பள்ளத்தாக்கின் வழியே மேலேறும் காற்று, மலை குளிர்ந்ததும் திசை மாறிக் கீழிறங்கும். உயரத்தில் காற்று மெலிவதால் எஞ்சினின் வலு குறையும், ஓட வேண்டிய தூரமும் நீளும்.

பாலைவனத்தில் இந்தக் கருவியின் அருமையைக் காட்டியவர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜார்ஜ் ஸ்டைன்மெட்ஸ். 1990களின் இறுதியிலிருந்து சகாராவையும் அரேபிய மணற்கடலையும் இதில் பறந்து படமெடுத்தார். மணல்மேடுகளின் வடிவம் துலங்க நீண்ட நிழல் வேண்டும். அது காலையிலும் மாலையிலுமே விழும். காற்று அடங்கியிருக்கும் நேரமும் அதுவே. ஒரு தொழிலின் தேவையும் வானத்தின் இசைவும் இப்படி ஒத்துப்போவது பெரும் பேறு.

எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. 1995இல் சுமார் 29,000 ஆக இருந்த ஐரோப்பியப் பெவிக் அன்னங்கள் 2010இல் 18,000 ஆகச் சுருங்கியிருந்தன. காரணம் தேடி, அவற்றின் வலசைப் பாதையிலேயே இயற்கைப் பாதுகாவலர் சாஷா டென்ச் 2016இல் பாராமோட்டாரில் புறப்பட்டார். ரஷ்யாவின் ஆர்க்டிக் தூந்திரத்திலிருந்து பிரிட்டன் வரை ஏறத்தாழ 7,000 கி.மீ.; டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். பறவைகள் குளிருக்கு முன்னே நகர்ந்துகொண்டிருக்க, அவரது சிறகு நல்ல காற்றுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்னங்களும் பின்காற்றுக்காக ஈரநிலங்களில் தங்கித்தான் செல்கின்றன. மனிதனுக்கோ தேதியும் வாக்குறுதியும் உண்டு. காத்திருப்பு அவனுக்கு நாளை வீணாக்குவதாகத் தோன்றுகிறது. இந்த உறுத்தல்தான் பலரையும் தவறான காற்றில் எழவைக்கிறது.

தவறான காற்றின் எல்லை எது என்பதை 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா அருகே நடந்தது காட்டியது. உலக பாராகிளைடிங் போட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த ஜெர்மன் வீராங்கனை ஏவா விஷ்னியெர்ஸ்காவை ஓர் இடிமேகம் 9,946 மீட்டர் உயரத்துக்கு உறிஞ்சியது. நினைவிழந்து, பனி உறைந்த உடலோடு அவர் உயிர் தப்பினார். அன்றைய புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் இறந்தார். அவர்களிடம் எஞ்சின் இல்லை. இருந்திருந்தாலும் அந்த மேகத்தின் முன் அது ஒரு பொருட்டாகியிருக்காது.

சட்டத்தின் துணை ஓரளவுதான். அமெரிக்காவில் 1982 முதல் நடப்பிலுள்ள வான்போக்குவரத்துச் சட்டத்தின் 103ஆம் பகுதி விதிகள், 254 பவுண்டுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்கு, உட்பட்ட இத்தகைய ஊர்திகளை ஓட்ட உரிமம் கேட்பதில்லை. பகல் வெளிச்சம் வேண்டும், மேகத்திலிருந்து விலக வேண்டும், நெரிசலான குடியிருப்புகளின் மேல் பறக்கக் கூடாது என்கின்றன. காற்றின் வேகத்துக்கு அவற்றில் வரம்பு இல்லை. எஞ்சியிருப்பது உடன் வரும் தோழர்கள். நண்பர் ஒருவர் எழுந்துவிட்டால் தரையில் நிற்பவருக்குக் கூச்சம் பிறக்கும். கூட்டமாகச் செல்லும் பறப்புகளில் பிழையான முடிவுகள் பல அப்படித்தான் உருவாகின்றன. ஆகவே நல்ல குழுக்கள் ஏற்கத்தக்க காற்றின் வேகத்தை முந்திய மாலையே பேசி முடிவு செய்துவிடுகின்றன. மறுநாள் களத்தில் ஒருவர் சிறகை மடித்துப் பையில் வைத்தால், காரணம் கேட்காமல் மற்றவர்கள் அவருக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றுகிறார்கள்.