தொலைபேசிக்குள் போகும் குரல்

தொலைபேசி அறிவிப்புக்கான குரலை நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்று பதிவுசெய்வதுண்டு. தொலைபேசிக்கான ஜி.711 என்ற ஒலிக்குறியீட்டு முறைக்கு மாற்றியதும் 8,000 மாதிரிகளும் 8 பிட்டும்தான் மிஞ்சும். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது போயே போய்விடும். கோப்பைத் திரும்பப் பெரிதாக்கினாலும் வராது. அப்படியானால் கேட்பது அதே குரல்தானா?

இந்தக் கேள்விக்கு இந்திய மெய்யியலில் இரு பதில்கள் உண்டு. நியாய மரபில் ஒலி பிறந்து அழிவது. அலை அலையைப் பிறப்பிப்பதுபோல ஓர் ஒலி அடுத்ததைப் பிறப்பித்து மறைகிறது. அதன்படி கோப்பில் குரலே இல்லை, அதை மீண்டும் பிறப்பிக்கும் குறிப்புதான் இருக்கிறது. மீமாம்சை மரபுக்கோ எழுத்தொலி நித்தியம், ஓசை அதை வெளிப்படுத்துவது மட்டுமே. சொல்லுக்கு இது பொருந்தும். பேசியவர் யார் என்ற கேள்விக்கு அவ்வளவாக உதவாது. அதற்குக் குரலின் அதிர்வையே பார்க்க வேண்டும். ஆண்குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பழைய தொலைபேசித் தடம் அதை வெட்டிவிடும். ஆனாலும் மேலதிர்வுகளின் இடைவெளியிலிருந்து கேட்பவரின் மூளை அதைத் தானே கட்டிக்கொள்கிறது.